டிசம்பர் செடிக்கு நான் வைத்த உரம்

எனக்குத் தோட்ட வேலை தெரியும் என்று முதன்முதலில் சொன்னவன் நான்தான். அதற்குப் பிறகு வேறு யாரும் அதைச் சொல்லவில்லை.

சொன்ன இடம் பெங்களூர். அங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில் காவலுக்கு இருந்தேன். அதற்கு முன்னால் பலமனேர் தக்காளி மண்டியில் பெட்டி தூக்கினேன். அதற்கும் முன்னால் சூளூர்பேட்டையில் மீன் வண்டிக்கு ஐஸ் உடைத்தேன். இடது கை சுண்டுவிரல் நுனி அங்கேதான் போயிற்று. அது இல்லாமலும் பெட்டி தூக்க முடிகிறது. குடுபல்லி பக்கம் ஒரு கல் குவாரியில் சமையல்காரன் ஓடிப்போனதால் கொஞ்ச காலம் நான் சமைத்தேன். பிறகு சாப்பிட்டவர்களும் ஓடிப்போனார்கள். ஏழாம் வகுப்பு நடுவில் பள்ளியை விட்டவனுக்கு இத்தனை உத்தியோகம் கிடைத்ததே பெரிது. எதிலும் நிலைக்காதவன் என்று என்னைச் சொல்வார்கள். நிலைத்து இரு என்று எந்த வேலையும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

அந்தக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இமாசலப் பக்கத்து அம்மா ஒருவர் இருந்தார். ஊரிலிருந்து ஒரு செடியைத் தொட்டியோடு கொண்டுவந்திருந்தார். அதன் பெயர் லைலாக் என்றார். பூத்தால் எப்படி இருக்கும் என்று போனில் படம் காட்டினார். கொத்துக் கொத்தாக வெளிர் ஊதா. ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் ஊர் நகரியில் கார்த்திகை மார்கழியில் பூக்கும் டிசம்பர் பூவின் அதே நிறம். எங்கள் ஊரிலும் இருக்கிறது அம்மா, எனக்கு இதெல்லாம் பழக்கம்தான் என்று சொல்லிவைத்தேன். அவர் நம்பிவிட்டார். வெளியூர் போகும்போது தொட்டியைக் கேட்டுக்குப் பக்கத்தில் நிழலில் வைத்து, ஒரு பை எலும்புத்தூளும் ஒரு டப்பா சாம்பலும் என்னிடம் கொடுத்தார். குளிர் விட்டதும் ஒரே ஒரு தடவை, ஒரு பிடி. அவ்வளவுதான் அவர் சொன்னது.

கேட்டில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கையைச் சும்மா வைத்திருப்பது கஷ்டம். செடி வாடியிருப்பதாகத் தோன்றியபோதெல்லாம் ஒரு பிடி வைத்தேன். வைத்தபிறகு மேலும் வாடியது. அதனால் மேலும் வைத்தேன். அந்த அம்மா திரும்பி வந்தபோது தொட்டியில் ஒரு குச்சி இருந்தது. அவர் திட்டவில்லை. அன்று முதல் எனக்கு வணக்கம் சொல்வதை மட்டும் நிறுத்திக்கொண்டார். என் வேலை போனதற்கு அது காரணமில்லை. நான் கேட்டில் தூங்கியதுதான் காரணம்.

வேலை போனதும், ஆனி மாதத்தில் ஊருக்கு வந்தேன். நகரியில் எங்கள் வாடகை வீடு விசைத்தறிச் சந்தில் இருக்கிறது. சந்து முழுக்கத் தறிச் சத்தம். முதல் இரண்டு நாள் காது அடைக்கும். பிறகு சத்தம் நின்றால்தான் திடுக்கென்றிருக்கும். என் மனைவி அங்கே ஒரு கொட்டகையில் தறி ஓட்டுகிறாள். மகளைப் புத்தூரில் கொடுத்துவிட்டோம். ஆக, நான் ஊர் சுற்றும் மாதங்களில் வீட்டில் அவள் ஒருத்திதான்.

நான் வந்த கொஞ்ச நாளிலேயே சூளூர்பேட்டையிலிருந்து போன் வந்தது. என்னோடு ஐஸ் உடைத்தவன் இப்போது சொந்தமாக ஒரு மினி வண்டி வாங்கியிருந்தான். கடலை ஒட்டிய ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து இறால் எடுத்துவந்து ரயிலில் ஏற்ற வேண்டும். கார்த்திகை தீபம் முடிந்ததும் வேலை சூடு பிடிக்கும், நீ வந்தால் உனக்கு, வராவிட்டால் ஆள் ரெடி என்றான். கடற்காற்று, வண்டி, தினம் ஒரு குப்பம். எனக்கு அப்போதே கால் அரித்தது.

மனைவியிடம் சொன்னேன். அவள் பின்பக்கம் துவைக்கும் கல்லுக்கு அருகில், சுவரோரம் இருந்த டிசம்பர் செடிகளைக் கவாத்து செய்துகொண்டிருந்தாள். மூன்று செடி. அரிவாளை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

"போ. யாரு வேணான்னது? இது பூத்தப்புறம் போ."

"பூக்காட்டி?"

"பூக்காத டிசம்பர் செடிய எங்கனா பாத்துக்கிறியா நீ?"

நான் யோசித்துப் பார்த்தேன். பூத்த டிசம்பர் செடியையே எங்கள் வீட்டில் நான் பார்த்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஐப்பசி வந்தால் எங்காவது கிளம்பிவிடுவேன். மழைக்காலத்தில் தறி ஊரில் உட்கார்ந்திருப்பது எனக்கு ஆகாது. தை பிறந்த பிறகு திரும்பினால் செடியில் காய்ந்த பூக்காம்பு இருக்கும். அவள் தினமும் அந்தப் பூவைத் தொடுத்து வைத்துக்கொண்டு தறிக்குப் போவாள் என்பதும், மார்கழியில் வாசல் கோலத்தில் சாணி உருண்டை பிடித்து மிச்சப் பூவை அதில் செருகுவாள் என்பதும் நான் கேள்விப்பட்டவைதான். அதைத்தான் அவள் கேட்கிறாள் என்று புரிந்தது. ஒரு வருஷம், பூக்கிற வரைக்கும் வீட்டில் இரு.

நியாயமான கோரிக்கைதான். சரி என்றேன். சரி என்ற நிமிஷமே என் மூளை வேறு பக்கம் ஓடியது. செடி சீக்கிரம் பூத்தால் நான் சீக்கிரம் கிளம்பலாம். ஐப்பசி கடைசியிலேயே பூக்கவைத்துவிட்டால் தீபத்துக்கு முன்பே சூளூர்பேட்டை. பெங்களூரில் தோட்டம் பார்த்தவனுக்கு இது ஒரு வேலையா?

பலமனேரில் தக்காளிக்காரர்கள் யூரியா போடுவதைப் பார்த்திருக்கிறேன். போட்ட மறுவாரம் செடி கருகருவென்று எழுந்து நிற்கும். எனவே உரக்கடைக்குப் போனேன். கடைக்காரர் எத்தனை ஏக்கருக்கு என்று தெலுங்கில் கேட்டார். மூன்று செடிக்கு என்றேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, பிரித்திருந்த மூட்டையிலிருந்து கொஞ்சம் அள்ளி நியூஸ் பேப்பரில் மடித்துக் கொடுத்தார். ஒரு செடிக்கு ஒரு சிட்டிகை என்றார். நான் வைத்தது ஒரு பிடி. தோட்டக்காரன் நானா அவரா?

பலன் உடனே தெரிந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆடி முடிவதற்குள் செடி துவைக்கும் கல்லைத் தாண்டியது. ஆவணியில் சுவரைத் தொட்டது. ஒவ்வோர் இலையும் என் உள்ளங்கை நீளம். தினமும் காலையில் பல் விளக்கிக்கொண்டே அதன் முன் நின்று பெருமைப்பட்டேன். பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, இது என்ன கீரை, கடைந்தால் நன்றாக இருக்குமா என்று கேட்டார். அந்த அக்கா நூல் சுற்றிக் கொடுத்துப் பிழைப்பவர். தனியாக இருக்கிறார். வாய் திறந்தால் பாதி தமிழ் பாதி தெலுங்கு. எங்கள் பின்பக்கத்துத் தண்ணீர் போகிற கால்வாய் அவர் பின்வாசலை ஒட்டித்தான் போகிறது. இது பின்னால் முக்கியமாகப் போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஐப்பசி போயிற்று. கார்த்திகை பிறந்தது. சந்து முனை வீட்டில் முதலில் பூத்தது. பிறகு பள்ளிக்கூடத்து வேலியோரம் பூத்தது. தறிக்குப் போகிற பெண்களின் தலைகளில் ஊதா நிறம் தெரிய ஆரம்பித்தது. உரம் என்றால் என்னவென்று தெரியாத செடிகளெல்லாம் பூத்தன. எங்கள் மூன்றும் காடாக நின்றன. ஒரு மொக்கு கிடையாது. இலையை விலக்கி விலக்கிப் பார்த்தேன். உள்ளே கொசுதான் இருந்தது.

மனைவியிடம் கேட்டேன். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இன்னாத்த கேக்கற? யூரியாவ கொட்டினா இலதான் வரும். பூ எங்கேருந்து வரும்?"

அது எனக்குத் தைத்தது. செடி செத்தால் சாவுக்கு ஒரு மரியாதை உண்டு. இது செத்தும் போகாமல் செழித்து நின்று என்னை அவமானப்படுத்துகிறது. அவள் தலையில் பூ இல்லாமல் தறிக்குப் போவதைப் பார்க்கும்போது இன்னும் சங்கடமாக இருந்தது. கடையில் செவ்வந்தி வாங்கித் தந்தேன். வாங்கி சாமி படத்துக்குப் போட்டாள், தலையில் வைக்கவில்லை.

சூளூர்பேட்டைக்காரன் மறுபடி போன் செய்தான். கொஞ்சம் பொறு என்றேன்.

அந்த வாரம் திருப்பதியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாற்காலி இறக்குகிற கூலிவேலை கிடைத்துப் போனேன். திரும்பி வரும் ரயிலில் என் எதிரே மாந்தோப்புக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பேச்சு உரத்தில் வந்து நின்றது, நான்தான் கொண்டுவந்து நிறுத்தியிருப்பேன். தலைமுடியிலிருந்து ஏதோ சாறு எடுத்து உரமாக விற்கிறார்கள், மாமரத்துக்கு அடித்தால் பூ கொட்டுகிறது என்றார். எப்படி எடுக்கிறார்கள், எவ்வளவு கலக்க வேண்டும் என்றெல்லாமும் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் முதல் வரியோடு நின்றுவிட்டேன். மலையிலிருந்து மொட்டையடித்துக்கொண்டு வந்தவர்களால் அந்தப் பெட்டி நிறைந்திருந்தது. சுற்றிப் பார்த்தேன். இவ்வளவு பூவை இவர்கள் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். எங்கள் ஊருக்கான ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனில் இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. நேரே சலூனுக்குப் போனேன்.

சலூன்காரர் எனக்குப் பழக்கம். முடி வேண்டும் என்றதும் வெட்டிக்கொள்ள வந்ததாக நினைத்துத் துண்டை உதறினார். என் முடி இல்லை, கீழே கிடக்கிற முடி என்றேன். விஷயத்தைக் கேட்டவர் மறுபேச்சு பேசவில்லை. மூலையில் ஒரு கோணிப்பையைக் காட்டினார்.

"எடுத்துக்கினு போ, நைனா. குப்ப வண்டிக்காரன் தெனம் இதுக்கு என்கிட்ட சண்ட புடிக்கறான். வாரா வாரம் வந்தாக்கூட தர்றேன்."

மறுநாள் மதியம் மனைவி தறியில் இருந்தபோது வேரைச் சுற்றிக் குழி பறித்து, கோணியைக் கவிழ்த்து, மேலே மண் போட்டு மிதித்தேன். அவளிடம் சொல்லவில்லை. வீட்டில் சோற்றில் ஒரு முடி வந்தாலே தட்டை ஒதுக்கிவைக்கிறவள் அவள். சாமிக்குப் பூ பறிக்கிற செடியின் அடியில் ஊர் முடியைப் புதைத்தேன் என்று சொன்னால் என்ன ஆகும்? கேள்வி வந்தால் சொல்ல ஒரு பதில் வைத்திருந்தேன். மலைமேல் சாமியே முடியைக் காணிக்கையாக வாங்கிக்கொள்கிறார், நம் வீட்டுப் படத்தில் இருக்கிறவருக்கு மட்டும் ஆகாதா? இவ்வளவு நல்ல பதில் கடைசிவரை பயன்படவே இல்லை.

இரண்டு நாளில் கடலில் புயல் என்றார்கள். நகரிக்குப் புயல் வரவில்லை, மழை வந்தது. ராத்திரி முழுக்க ஓட்டில் கல் கொட்டுகிற மாதிரி பெய்தது. காலையில் வெளுத்திருந்தது. நான் பல் விளக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது பக்கத்து வீட்டுப் பின்வாசல்வரை கூட்டம். நானும் நுழைந்தேன்.

அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றிருந்தார். அவர் பின்வாசலில், படிக்குச் சரியாகக் கீழே, மழைத் தண்ணீர் ஒதுக்கிவிட்ட சேற்றோடு கருப்பாகக் கொத்துக் கொத்தாக முடி. ஒரு கொத்து படிமேலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றி அவர் மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தார். நாலாய் அறுத்த எலுமிச்சம்பழம் குங்குமத்தோடு கிடந்தது. வாசற்படியில் முடி கிடந்தால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள். அதைத் தாண்டக்கூடாது, தொடக்கூடாது, வைத்தவன் யாரென்று கண்டுபிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும்.

கூட்டத்தில் ஒரு பெரியவர் குனிந்து பார்த்து, இது சாதாரணம் இல்லை என்றார். கருப்பு முடி இருக்கிறது, நரை இருக்கிறது, மருதாணிச் சிவப்பு இருக்கிறது, ஒரு குழந்தையின் பூனைமுடி கூட இருக்கிறது. ஓர் ஆளை வைத்துச் செய்தது இல்லை, பெரிய கை என்றார். எல்லோரும் ஓர் அடி பின்னால் போனார்கள். நானும் போனேன். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பல் விளக்கும் பிரஷை வாயிலிருந்து எடுத்து, இந்தக் காலத்தில்கூட இப்படிச் செய்கிறார்களா என்று வருத்தமாகக் கேட்டேன்.

மனைவி எங்கள் பின்பக்கச் சுவருக்கு மேலே எட்டி என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து செடியடியைப் பார்த்தாள்.  தறிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனாள். இதை நீயே தீர்த்துக்கொள் என்று அதற்கு அர்த்தம்.

நான் தீர்த்துக்கொள்ளாமல்கூட இருந்திருப்பேன். ஆனால் அக்காவுக்கும் அடுத்த தெருவில் இருக்கும் அவருடைய ஓர்ப்படிக்கும் ஒரு சுவர்த் தகராறு நெடுநாளாக உண்டு. இது அவள் வேலைதான் என்று அக்கா முடிவு கட்டிவிட்டார். கையில் துடைப்பத்தோடு கிளம்பினார். கூட்டமும் பின்னால் கிளம்பியது. அங்கே போய்ச் சேர்ந்தால் ஒரு குடும்பம் நிரந்தரமாக இரண்டாகிவிடும். சந்து முனையில் ஓடிப்போய் மறித்தேன்.

"அக்கா, போவாத. அது என் முடி."

அவர் என் தலையைப் பார்த்தார். முன்பக்கம் முழுக்க வழுக்கை.

"உனுக்கு ஏதுப்பா அவ்ளோ முடி?"

உரம் என்று சொன்னேன். சலூன், கோணிப்பை, மாந்தோப்புக்காரர், டிசம்பர் செடி என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. செய்வினை என்றபோது உடனே நம்பியவர்கள் உரம் என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். கடைசியில் கூட்டம் முழுக்க என்னோடு சலூனுக்கு வந்தது. பாதி முகம் சோப்போடு ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, சலூன்காரர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே, ஆமாம், நான்தான் கொடுத்தேன், இந்த வாரத்துக்கும் ஒரு பை ரெடியாக இருக்கிறது என்றார். பெரியவருக்கு ஏமாற்றம். பெரிய கை என்று அவர் சொன்னது வீணாகப் போனதில் என்மீது கோபம்கூட. நாற்காலிக்காரர் மட்டும், தான் சென்ற வாரம் வெட்டிய முடியும் அதில் இருக்குமா என்று கவலையாகக் கேட்டார்.

கூட்டம் கலைந்தது. நான் மண்வெட்டியும் அன்னக்கூடையும் எடுத்துக்கொண்டு அக்கா பின்வாசலுக்குப் போனேன். சேறும் முடியும் ஒட்டிப் பிணைந்திருந்தன. சுரண்டிச் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. அக்கா படியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். முதலில் தெலுங்கில் திட்டினார், பிறகு தமிழில். இரண்டிலும் தீர்ந்தபிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"எதுக்குப்பா உனுக்கு இந்த பாடு? செடி பூக்கலன்னா?"

"அது பூத்தாதான் நான் சூளூர்பேட்ட போவ முடியும்க்கா. அவகிட்ட வாக்கு குட்துட்டேன்."

அக்கா சுவருக்கு அந்தப் பக்கம், எங்கள் செடிகள் இருந்த திசையைப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்தார்.

"அது பூக்காம இல்லப்பா. மொக்கு வெச்சிக்கினுதான் கீது. ஐப்பசிலேர்ந்தே வைக்குது. உன் பொண்டாட்டி தெனம் விடிகாலைல எழுந்து வந்து, ஒண்ணு விடாம கிள்ளி, மடியில கட்டிக்கினு போறா. நீ தூங்கிக்கினு இருப்ப. நான் ஜன்னல்ல பாக்கறேனே."

மண்வெட்டியை நிறுத்தினேன். "எதுக்கு?"

"என்னப் போயி கேக்கறியே. நல்லா கேட்ட போ," என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

கூடையை நிரப்பி எடுத்துக்கொண்டு எங்கள் பின்பக்கம் வந்தேன். அதுவரை மொக்கு இருக்கிறதா என்று மட்டும்தான் இலையை விலக்கிப் பார்த்திருக்கிறேன். இப்போது குனிந்து ஒரு கிளையைக் கையில் பிடித்துப் பார்த்தேன். இலையும் தண்டும் சேரும் மூட்டில் ஒரு சின்னப் பழுப்புத் தழும்பு. அடுத்த மூட்டிலும். அதற்கடுத்த மூட்டிலும். நகத்தால் கிள்ளியது. பழைய தழும்புகள் காய்ந்திருந்தன. நுனியில் இருந்தவை பச்சையாக, இன்று காலை கிள்ளியதுபோல் ஈரமாக இருந்தன. கொட்டுகிற மழை விட்டதும் முதல் வேலையாக வந்திருக்கிறாள். மூன்று செடியிலும் அப்படித்தான். நான் வைத்த உரத்தால் செடி பெரிதானதில் அவளுக்கு வேலைதான் அதிகமாகியிருக்கிறது. குனிந்து கிள்ளியவள் எக்கிக் கிள்ள வேண்டியிருந்திருக்கும்.

துவைக்கும் கல்லின்மேல் உட்கார்ந்தேன். யூரியாவைக் கொட்டினால் இலைதான் வரும் என்று முகம் மாறாமல் சொன்னாளே, அது நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது. என் உரத்தையே எனக்குத் திரையாகப் போட்டிருக்கிறாள். நானும் நம்பி, கோணிப்பையில் முடி சுமந்திருக்கிறேன். வருஷா வருஷம் அந்தப் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு தறிக்குப் போகிறவள், இந்த வருஷம் மற்றவர்கள் தலையில் அதைப் பார்த்துக்கொண்டு வெறுந்தலையோடு நிற்கிறாள். நான் வீட்டில் இருப்பதற்கு இவ்வளவு விலையா? வீட்டில் இருந்து நான் என்ன செய்கிறேன்? சாப்பிடுகிறேன், உரம் போடுகிறேன், அக்கம்பக்கத்தில் செய்வினை வைக்கிறேன். இதற்காக ஒருத்தி விடிவதற்கு முன் எழுந்துகொள்கிறாள் என்பது எனக்கு எந்தக் கணக்கிலும் வரவில்லை.

மதியம் சூளூர்பேட்டைக்காரன் போன் செய்தான். தீபம் முடிந்துவிட்டது, வருகிறாயா இல்லையா, இன்றைக்குச் சொல் என்றான்.

"செடி இன்னும் பூக்கல," என்றேன்.

"இன்னா செடி?"

"டிசம்பர் செடி."

அந்தப் பக்கம் வண்டி உறுமும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "குடிச்சிக்கிறியா?" என்றான்.

இல்லை என்றேன். அப்படியானால் இன்னும் மோசம் என்று சொல்லி, வேறு ஆளை வைத்துக்கொள்வதாகச் சொல்லி வைத்துவிட்டான். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அந்த வண்டியும் ஏரிக்கரைக் காற்றும் கண்முன் வந்து போயின. வருத்தமே இல்லை என்று எழுதினால் அது பொய்.

அன்று சாயங்காலம் தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு அவள் வந்தாள். முடி விவகாரம் எப்படித் தீர்ந்தது என்று கேட்டாள். சொன்னேன். சலூன் நாற்காலிக்காரரின் கவலையைச் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தாள். மொக்கைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அவள் நிறுத்திவிடுவாள் என்று பயமாக இருந்தது.

மறுநாள் விடிகாலையில் எனக்கு விழிப்பு வந்துவிட்டது. கண்ணைத் திறக்காமல் படுத்திருந்தேன். அவள் எழுந்தாள். பின்கதவின் தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் நீக்கினாள். ஈர இலைகள் உரசும் ஓசை வந்தது, இடையிடையே வளையல் ஓசை. குளிர் நாள் அது. அவள் தும்மலை அடக்குவது கேட்டது. எழுந்து போய் ஏதாவது சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்கான வாக்கியம் கிடைக்கவில்லை. பள்ளியில் எட்டாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்களோ என்னவோ.

அவள் தறிக்குப் போன பிறகு உரக்கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும், மூன்று செடிதானே என்றார். ஆமாம் என்றேன். மடித்துக் கொடுத்தார். யூரியாவைக் கொட்டினால் இலைதான் வரும் என்பது அவள் சாக்குக்குச் சொன்னதாக இருந்தாலும், அதில் கொஞ்சம் உண்மையும் இருக்குமில்லையா? இலை அதிகமானால் மொக்கு குறையும். மொக்கு குறைந்தால் அவள் குளிரில் நிற்கும் நேரமும் குறையும். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு செடி பூக்கக் கூடாது என்பதற்காக அதற்கு உரம் வைத்தேன். அதற்கும் ஒரு திறமை வேண்டும், அது என்னிடம் ஏற்கெனவே இருந்தது.

இம்முறை மதியத்தில் வைக்கவில்லை. அவள் வரும் வரைக்கும் காத்திருந்து, அவள் பின்பக்கம் கை கால் கழுவ வந்தபோது குத்துக்காலிட்டு உட்கார்ந்து தூவினேன். அவள் செம்போடு நின்று வெள்ளைக் குருணைகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது போட்டா பூக்காதுன்னு உனுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"சூளூர்பேட்டக்காரரு போன் பண்ணலியா?"

"பண்ணான். வேற ஆள வெச்சிக்கினான்."

அவள் செம்பிலிருந்த தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொள்ள மறந்து அப்படியே நின்றாள். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டு ஜன்னல் மெதுவாகச் சாத்திக்கொண்டது.

"வேரு மேல போடாத," என்றாள் கடைசியில். "கொஞ்சம் தள்ளிப் போடு. வெந்துடும்."

நான் தள்ளிப் போட்டேன். அவள் செம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றினாள்.